ஐந்து சர்வருக்கு ஒரு கேக்

போன வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணி. செல்லூரில், எங்கள் ஆபீஸ் இருக்கும் அதே சந்தில், ஜமீலா அக்காவின் தையல் கடை வாசலில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

விஷயம் பெரிதல்ல. என் மனைவியின் ப்ளவுஸ். மூன்று வாரமாகத் தைத்துக்கொண்டே இருக்கிறார்.

"தச்சாச்சு தம்பி. ஹூக்கு மட்டும்தான் வைக்கணும். முடிஞ்ச மாதிரிதான்."

"போன வாரமும் இதைத்தானக்கா சொன்னீங்க?"

"போன வாரம் கை பாக்கின்னு சொன்னேன். இப்ப கையும் வச்சாச்சுல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? முன்னேற்றம்தானே!

நம் ஊரில் வேலை மொத்தம் மூன்று வகை. முடியாத வேலை, முடிந்த வேலை, முடிந்த மாதிரி வேலை. இந்த மூன்றாவது வகையில்தான் மதுரையே ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவைத் தோண்டியவரைக் கேளுங்கள் — குழாய் போட்டாச்சு, மூட வேண்டியதுதான் பாக்கி. கல்யாண வீட்டுச் சமையற்காரரைக் கேளுங்கள் — பந்தி ரெடியான மாதிரிதான், சாம்பார் மட்டும் கொதிக்கணும். பெண் பார்க்க வந்தவர்களைக் கேளுங்கள் — பையன் டிகிரி முடிச்ச மாதிரிதான், ரெண்டு பேப்பர் மட்டும் எழுதணும்.

இதையெல்லாம் நான் ஜமீலா அக்காவிடம் வாய்விட்டே சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். பத்தி எழுதுகிறவனுக்கு வாய்க்கா பஞ்சம்?

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "கண்ணு தெரிஞ்சாத்தான தம்பி ஹூக்கு வைக்க? சாயங்காலம் நாலு மணிக்கு ஊசி. அதைப் போட்டுட்டு வந்து வச்சுத் தாரேன்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்குச் சர்க்கரை. அது வலது கண்ணுக்குள் போய் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு ஊசி — கண்ணுக்குள்ளேயே. மொத்தம் மூன்று. போன மாதம் முதல் ஊசி போட்டார். நடுவில் தள்ளிப்போனால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் வெளியூர்க்காரர். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை, அதுவும் காலையில் மட்டும் வருவார். மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவார்.

காலையில் மட்டும் வருகிறவர் நாலு மணிக்கு எப்படி ஊசி போடுவார்?

"நாலு மணியா? யாருக்கா சொன்னா?"

"மெசேஜ் வந்துச்சே. டாக்டரு நேரத்த மாத்திட்டாரு போல. உங்க கம்பெனி அனுப்புறதுதான தம்பி?"

போனை நீட்டினார். 'உங்கள் டோக்கன் நேரம்: வியாழன், 4.00.'

அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல உங்களைச் செவ்வாய்க்கிழமைக்கு அழைத்துப் போக வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல் — இந்தப் பத்தி எனக்குச் சோறு போடுவதில்லை. சோறு போடுவது சர்வர். விசைத்தறிக் கூடத்துக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே தறி ஓடினால் மேலே டீ கிளாஸ் மேஜையில் தானாக நகரும். ஊரில் உள்ள சில ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போட்டு, 'இத்தனை மணிக்கு வாருங்கள்' என்று நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்புவது எங்கள் சாஃப்ட்வேர். அதற்கு ஆறு சர்வர்கள். ஆறும் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்கின்றன. எந்த மெசேஜை எது அனுப்பும் என்று யாருக்கும் தெரியாது. எது சும்மா இருக்கிறதோ அது அனுப்பும். இந்தக் கூட்டணிக்குப் பெயர் கிளஸ்டர். கூட்டணி என்றதும் உங்களுக்கு வேறு எதுவும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!

ஆறிலும் எங்கள் சாஃப்ட்வேருக்கு அடியில் இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கிறது. அதன் பெயர் ரன்டைம். அதுதான் மேலே இருப்பதை ஓட வைக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. யாரும் பார்ப்பதில்லை, கிரகப்பிரவேசத்தில் யாரும் அதைப் பாராட்டுவதும் இல்லை. எங்களுடையது பழசாகிவிட்டது. 'இனிமேல் இதில் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர மாட்டோம்' என்று அதைச் செய்தவர்களே கையை விரித்துவிட்டார்கள். ஆக, ஆறிலும் மாற்றியாக வேண்டும். ஒன்றை நிறுத்து, மாற்று, ஓடவிடு. பிறகு அடுத்தது. மற்ற ஐந்தும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு.

புது ரன்டைமோடு நேரத்தைக் குறித்து வைக்கும் முறையும் மாறுகிறது. பழைய முறையில் நம்மூர் நேரத்தை அப்படியே எழுதி வைப்போம். புது முறையில் உலகப் பொது நேரத்தில் எழுதி வைப்போம். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது. மெசேஜ் அனுப்பும்போது சர்வரே அந்த ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். புது ரன்டைம் ஏறிய சர்வருக்குத்தான் இந்தக் கூட்டல் தெரியும். பழசுக்குத் தெரியாது. அதனால் ஆறும் மாறிய பிறகுதான் புது முறைக்கான சுவிட்சைப் போட வேண்டும்.

ஆறும். ஐந்து அல்ல.

அந்த சுவிட்ச் தமிழ்ச்செல்வியின் கையில் இருந்தது. எங்கள் புரோகிராமர். டி. கல்லுப்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்கிற, நம் பக்கத்தில் அபூர்வமான பிறவி.

செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். ஒரு மணிக்குள் ஐந்து முடிந்தது. ஆறாவதை நிறுத்தப்போனபோது முதலாளி உள்ளே வந்தார்.

ஆறாவது சர்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி முதன்முதலில் வாங்கியது அதுதான். நெற்றியில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது அடுத்த ஆயுத பூஜை வரை நிற்கும். மற்ற ஐந்தையும் முதலாளி 'அது' என்பார். இதை மட்டும் 'இவரு'.

"அண்ணே, செவ்வாயும் அதுவுமா இவரை அணைக்காதீங்க."

"மத்த அஞ்சையும் அணைச்சுட்டுத்தான போட்டேன்?"

"அதெல்லாம் பின்னாடி வந்ததுண்ணே. கம்பெனிய ஆரம்பிச்சதே இவரை வச்சுத்தான். நாளைக்குப் பார்த்துக்கிருவோம். எங்க ஓடிப்போகப் போறாரு?"

என்னைவிடப் பத்து வயது சின்னவர். வெளிநாட்டில் படித்தவர். சுவரில் அவருடைய சர்டிஃபிகேட் தொங்குகிறது. அதற்குக் கீழே எலுமிச்சம்பழமும் தொங்குகிறது.

நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. பசி. சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இலையில் கை வைத்தபோது தமிழ்ச்செல்வி கூப்பிட்டார். "அண்ணே, ஆறும் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்மா."

ஆமாம். நானேதான் சொன்னேன். ஜமீலா அக்காவிடம் மூன்று வாரம் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று பழியை அங்கே தள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம். இது எனக்கு இருபது வருடப் பழக்கம்.

நாலு மணிக்கு முதலாளி கேக்குடன் வந்தார். மேலே க்ரீமில் 'அப்கிரேட் சக்சஸ்'. இவரை அணைக்காதே என்று மூன்று மணி நேரம் முன்பு சொன்ன அதே மனிதர்! அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் பின்னால் சந்தனப் பொட்டோடு நின்ற சர்வருக்கும் தெரியும். ஆனாலும் வெட்டினோம். படம் எடுத்தோம். ஆபீஸ் குரூப்பில் போட்டோம். நான் கேக்கை வாயில் வாங்கிக்கொண்டு சிரிக்கிறேன் — வெட்கமில்லாமல்.

படத்தைப் பார்த்த தமிழ்ச்செல்வி 'வாழ்த்துகள்' என்று போட்டார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

அவர் மேல் என்ன தப்பு? ஒரு கம்பெனி கேக்கே வெட்டிவிட்டது என்றால் வேலை முடிந்திருக்கும் என்றுதானே மனிதர்கள் நினைப்பார்கள்?

புதன்கிழமை ஏரியாவில் பராமரிப்புக்காகக் கரண்ட் கட். ஜெனரேட்டரில் ஓடும்போது எதையும் தொட வேண்டாம், வியாழன் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முடியாத வேலைக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் — திட்டு வாங்குகிறவன். முடிந்த மாதிரி வேலைக்கு யாருமே கிடையாது. கேக்கைத் தின்ற பிறகு மாவு எங்கே என்று யார் கேட்பார்கள்?

இதற்கிடையில் ஆறாவது சர்வர், பொட்டு வைத்துக்கொண்டு, தன் பங்கு மெசேஜ்களை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருந்தது. ஐந்தரையைக் கூட்டாமல். காலை ஒன்பதரை என்பது அதன் வாயில் நாலு. எங்கள் மெசேஜில் காலை, மாலை என்றும் போடுவதில்லை. அது தனிக் கூத்து. விடிகாலை நாலு மணிக்கு எந்த டாக்டர் பார்ப்பார்? சாயங்காலம்தான் என்று ஜமீலா அக்கா நினைத்ததில் என்ன தப்பு?

ஆக, வியாழன் பதினொன்று இருபது. அக்காவின் டோக்கன் ஒன்பதரைக்கு. டாக்டர் பன்னிரண்டுக்குக் கிளம்புவார். நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.

"அக்கா, கிளம்புங்க. ஊசி இப்ப."

"கடையப் பூட்டணுமே தம்பி…"

"பூட்டின மாதிரி சாத்திட்டு வாங்கக்கா!"

அந்த நேரத்திலும் வாய் சும்மா இருந்ததா பாருங்கள்.

ஆட்டோக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டார். "கோரிப்பாளையம் சிக்னலுக்குப் போனா மாட்டிக்கிருவோம்ணே. கல்பாலத்துல விட்டுருவோம்." விட்டார். நான் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டேன். ஆறாவது இன்னும் மாற்றவில்லை, சுவிட்சை உடனே பழையபடி போடு, இந்த இரண்டு நாளில் அது யார் யாருக்கு மெசேஜ் அனுப்பியது என்று லிஸ்ட் எடு என்றேன்.

"நான் ஆறான்னுதானண்ணே கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்தில் அக்கா வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டே வந்தார். யானைக்கல் தாண்டும்போது ஒரு முறை என் பக்கம் திரும்பி, "போயிருவோம்ல தம்பி?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. நாற்பத்தேழு வயதில், ஆட்டோவில், ஒரு மெஷினை அணைக்காததற்காக.

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜமீலா பேகமா? அவங்க வரலைன்னு பத்து மணிக்கே கேன்சல் ஆயிருச்சே சார். நேரத்துக்கு வரலைன்னா சாஃப்ட்வேரே தானா கேன்சல் பண்ணிரும்."

தெரியும் தாயே! அந்த வசதியைப் பெருமையாக எடுத்துச் சொல்லி உங்கள் ஆஸ்பத்திரிக்கு விற்றதே நாங்கள்தான்.

"டாக்டர் இருக்காரா?"

"இன்னைக்கு நெறைய பேரு வரல. அதுனால சீக்கிரமே முடிச்சுட்டாரு. கீழ கார் வந்துருச்சு."

நெறைய பேர் ஏன் வரவில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஓடினோம்.

டாக்டர் போர்ட்டிகோவில் பையோடு நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தேன். "சார், சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்…"

அவர் வாட்சைப் பார்த்தார். "அடுத்த மாசம் பார்ப்போம்."

அப்போது ஜமீலா அக்கா பேசினார். "நான் நேரத்துக்கு வர்றவதான் டாக்டர். போன மாசம் ஒம்பதரைக்குச் சொன்னீங்க, ஒம்போது மணிக்கே வந்து உக்காந்திருந்தேன். இந்தக் கண்ண வச்சுத்தான் ஊசி கோக்குறேன், இத வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறேன். இன்னொரு மாசம்னா இது இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் டெக்னிக்கல் பிராப்ளம் நிற்கவில்லை.

"தப்பு எங்களுதுதான் சார். ஆறு மெஷின் மாத்தணும். அஞ்சுதான் மாத்தினேன். முடிஞ்சுருச்சுங்குற மாதிரி சொல்லிட்டேன். கேக்கு வேற வெட்டிட்டோம்."

"கேக்கா?"

"ஆமா சார்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இவங்களை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

தமிழ்ச்செல்வியின் லிஸ்ட் அதற்குள் போனுக்கு வந்திருந்தது. இன்றைக்கு இந்த டாக்டருக்கு மட்டும் இன்னும் நாலு பேர்.

"ஒன்றரை வரைக்கும் இருக்கேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க. ரிசப்ஷன் பக்கம் தள்ளிவிடாதீங்க. நீங்களே கூப்பிடுங்க." பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு அக்காவை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

கூப்பிட்டேன். இரண்டு பேர் பக்கத்துத் தெருக்காரர்கள். விழுந்தடித்து வந்துவிட்டார்கள். மூன்றாமவர் டி. கல்லுப்பட்டிப் பக்கம், விவசாயி. அவருக்குப் பத்தரை மணி டோக்கன். மெசேஜில் ஐந்து என்று போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"டாக்டரைப் பார்த்துட்டு பஸ் ஏறிட்டேன் சார். காலைல அஞ்சுக்கு வரச் சொன்னீங்க, அஞ்சுக்கே ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்துட்டேன். மொத ஆளா பார்த்துட்டாக. உங்க டயம் கரெக்டா இருக்குது."

எங்கள் மெஷினை முழுதாக நம்பிய ஒரே மனிதர். பாராட்டு வேறு!

நான்காமவர் போனையே எடுக்கவில்லை. அவருக்கு மெசேஜில் நாலே முக்கால். எனவே சாயங்காலம் நாலரைக்கு நானே போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வந்தார். உசிலம்பட்டிக்கு அங்கிட்டு இருந்து, இரண்டு பஸ் மாறி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு. வெறும் செக்கப்தான், அடுத்த மாதம் பார்த்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல சார், மெஷின்னா அப்படித்தான்" என்றார். மெஷின் அல்ல ஐயா, நான்தான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் மனசு இன்னும் ஆறவில்லை.

மற்ற ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளைத் தமிழ்ச்செல்வி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிசெய்தார். தான் செய்யாத தப்புக்கு, ஒரு முழு நாள்.

ஜமீலா அக்காவுக்குப் பன்னிரண்டரைக்குள் ஊசி போட்டாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஆபீசுக்குப் போனேன். ஆறாவது சர்வரை அணைத்தேன். மாற்றினேன். ஓடவிட்டேன். எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பதினாலு நிமிஷம். கேக் வெட்டிப் படம் எடுக்க அதைவிட அதிகம் ஆனது.

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? தலையில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "நான்தான் அப்பயே சொன்னேன்லண்ணே, செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்காதீங்கன்னு."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடிதம் போனது. 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு.' எதிர்பாராததாம்! தொழில்நுட்பம் பாவம், சொன்னதை அப்படியே செய்தது. கோளாறு, சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தது. கடிதத்தில் என் பெயர் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஜமீலா அக்கா இரண்டு மாடி ஏறி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. மூச்சிரைப்பு.

"எந்த மெஷின் தம்பி அது?"

காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சந்தனப் பொட்டை உற்றுப் பார்த்தார்.

"மாத்தியாச்சா? மாத்தின மாதிரியா?"

"மாத்தியாச்சுக்கா."

நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியம் என்ன? திரையில் ஆறு சர்வர்களின் ரன்டைம் நம்பரையும் வரிசையாக எடுத்துக் காட்டினேன். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, ஊசி போட்ட கண்ணால் ஒப்பிட்டார். ஒன்று… இரண்டு… ஆறு. எங்கள் கம்பெனியில் இதுவரை யாருமே செய்யாத சோதனை.

"எல்லாத்துலயும் ஒரே நம்பருதான். சரி." திரும்பிப் படியிறங்கியவர், பாதியில் நின்று என்னைப் பார்த்தார். "உங்க வீட்டு ப்ளவுஸு முடிஞ்ச மாதிரிதான் தம்பி. நாலு ஹூக்கு வச்சுட்டேன். ரெண்டுதான் பாக்கி."

"மெதுவாக் குடுங்கக்கா" என்றேன்.

ஹூக் இல்லாத ப்ளவுஸால் இதுவரை யார் கண்ணும் போனதில்லை.